பன்றி வளர்ப்பும் கால்நடை வைத்தியரும்: மாத்தளை வழியாக ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை என்றதும் வரலாற்று மாணவனின் நினைவில் எழுவன அலுவிகாரையும், தம்புள்ளைக் குகைகளும், சீகிரிக் குன்றமும், 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியுமே. மன்னரும் மதமும் போரும் வரலாற்றின் பொருளாக அமைதல் இயல்பு. எனினும் தொழுவமும் பட்டியும் வயல்வரப்பும் ஒரு மக்களின் வாழ்வை நிருணயித்த அளவுக்கு அரண்மனைகள் நிருணயித்தனவா என்பது ஆராயத்தக்க வினாவாகும். உழவனின் வீட்டிலே எந்த விலங்கு வாழ்ந்தது, அதனை யார் வளர்க்கச் சொன்னார், அது நோயுற்றபோது யார் வந்தார், அதனால் மனிதர் நோயுற்றபோது யார் விடை கூறினார் என்பனவும் வரலாற்றின் வினாக்களே.

இவ்வகையில் இக்கட்டுரை வாணிக நோக்கிலான பன்றி வளர்ப்பையும், அதில் கால்நடை வைத்தியர் வகித்த, வகிக்கத் தவறிய, வகிக்க வேண்டிய பங்கையும் மாத்தளை மாவட்டத்தின் ஊடாக நோக்க முற்படுகின்றது. பன்றி வளர்ப்பிற்குப் பெயர்பெற்ற பகுதி மாத்தளையன்று என ஒருவர் கூறலாம். அது உண்மையே. ஆயினும் இந்நாட்டின் பன்றி வளர்ப்பு வரலாற்றிலே மிகக் கசப்பான அத்தியாயத்தை எழுதிய நீர், மாத்தளையின் மலைகளுக்கூடாகவே வடக்கு நோக்கிப் பாய்ந்தது. அந்த அத்தியாயத்திற்கு வருமுன் சில முற்செய்திகளை அறிதல் அவசியமாகும்.

வண்டி மாட்டிலிருந்து தொடங்கிய வைத்தியம்

இலங்கையில் அரசாங்கம் விலங்குகளின் நோய்மீது கருத்துச் செலுத்தத் தொடங்கியமைக்குக் கருணை காரணமன்று, போக்குவரத்தே காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாத்தளை மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்து சேர்ந்தனர். அவர்கள் பறித்த கோப்பி துறைமுகத்தை அடைவதற்கு மாட்டு வண்டியே துணையாக இருந்தது. புகையிரதம் கண்டியை அடைந்தது 1867இல். மாத்தளையை அடைந்தது 1880இல். அதுவரையில் மலைநாட்டுப் பொருளாதாரம் முழுவதும் எருதுகளின் கழுத்திலேயே தங்கியிருந்தது எனலாம்.

வெக்கை எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய் பரவியபோது, வண்டிப் பாதைகளே நோயின் பாதைகளுமாயின. பாதையை மூடினால் வாணிகம் நிற்கும். திறந்துவிட்டால் மாடுகள் மடியும். இந்த இக்கட்டு நிலையிலேயே, நோய் கண்டதை அறிவித்தல், நோயுற்றதைத் தனிப்படுத்தல், விலங்குகளின் நடமாட்டத்தைத் தடுத்தல் ஆகிய கடமைகள் சட்ட வடிவு பெறலாயின. 1909ஆம் ஆண்டின் தொற்றுநோய் (விலங்குகள்) கட்டளைச் சட்டம் இத்தகைய சிந்தனையின் விளைவாகும். கால்நடை வைத்தியர் என்ற அதிகாரி, ஒரு விலங்கைக் குணப்படுத்துபவராக மட்டுமன்றி, ஒரு வழியை மூடவும் திறக்கவும் ஆலோசனை கூறுபவராகவும் தொடக்கத்திலேயே உருப்பெற்றார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இந்த இரண்டாவது பணி பிற்காலத்தில் மறக்கப்பட்டமையே பின்னர் நாம் காணப்போகும் துன்பத்தின் வேர்களுள் ஒன்றாகும்.

சுதந்திரத்தை அடுத்த காலத்திலே கால்நடை வைத்தியக் கல்வி இந்நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே தொடங்கிப் பின் பேராதனையில் நிலைபெற்றது. மாடுகளின் நோய்க்காகப் பிறந்த துறை, பால் உற்பத்தி, கோழி வளர்ப்பு, பன்றி வளர்ப்பு என விரிந்தது. இத்துறைக்குப் பொறுப்பான திணைக்களத்தின் பெயரே கவனிக்கத்தக்கது: கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். உற்பத்தியைப் பெருக்குதலும் சுகாதாரத்தைக் காத்தலும் ஆகிய இரு கடமைகளும் ஒரே கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் எப்போதும் ஒரே திசையில் செல்வனவல்ல.

பன்றியும் தமிழர் வழக்கும்

பன்றி தமிழர்க்குப் புதிய விலங்கன்று. சங்க இலக்கியத்தில் கேழல், ஏனம் முதலிய பெயர்களால் அது வழங்கப்பெற்றது. தினைப்புனத்தை அழிக்கும் காட்டுப்பன்றியைக் குறிஞ்சிப் பாடல்கள் பலவற்றிற் காண்கிறோம். வளர்ப்புப் பன்றி பற்றிய செய்தியும் உண்டு. கள் சமைப்போர் ஆண்பன்றியைக் குழியில் நிறுத்தி, மாவுணவளித்துக் கொழுக்கச் செய்து விருந்தினர்க்குப் படைத்தமையைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகின்றது. நடமாட்டத்தைக் குறைத்து, உணவைப் பெருக்கி, இறைச்சியைக் கூட்டுதல் என்னும் இன்றைய பண்ணையின் அடிப்படைக் கருத்து அன்றே அறியப்பட்டிருந்தது என்பது வியப்பிற்குரியதாகும்.

காலப்போக்கில் சமயமும் சாதியமைப்பும் இவ்விலங்கை ஊரின் எல்லைக்குத் தள்ளின. இலங்கையிலோ பன்றி வளர்ப்பு மேற்குக் கரையோரத்திலே, குறிப்பாக நீர்கொழும்பு, வென்னப்புவ, சிலாபம் முதலிய கத்தோலிக்கர் செறிந்து வாழும் பகுதிகளிலே வேரூன்றியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழும் மாத்தளை போன்ற மாவட்டத்தில் பன்றிப் பட்டி அமைப்பது பொருளாதார வினா மட்டுமன்று. அயலவரின் உணர்வும் அதில் அடங்கும். ஆகவே ஒதுக்குப்புறமான இடத்திலே, குறைந்த மேற்பார்வையிலே, சிறு எண்ணிக்கையில் பன்றி வளர்ப்பதே இத்தகைய பகுதிகளின் வழக்கமாயிற்று. வைத்தியரின் கண்ணிலிருந்தும் அவ்விலங்கு ஒதுங்கியே நின்றது.

எனினும் வாணிக நோக்கில் பன்றிக்கு நிகரான விலங்கு அரிது. அதன் கருப்பக் காலம் 114 நாள். அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஓர் ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு வரை குட்டிகள் பிறக்கக்கூடும். நன்கு பேணப்பட்ட குட்டி ஏறத்தாழ ஆறு மாதத்தில் சந்தைக்குரிய எடையை எட்டும். அரிசித் தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, உணவகங்களின் மீதியுணவு ஆகியவற்றை இறைச்சியாக மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. காணி குறைந்த ஏழை விவசாயிக்கு, அடுத்த அறுவடைக்கு முன்னரே கையிற் பணம் தரும் விலங்கு இதுவே. இவ்வுண்மையை மறந்து பன்றி வளர்ப்போரைப் பழிப்பது நீதியாகாது.

மாத்தளை வழியாகப் பாய்ந்த நீர்

1976ஆம் ஆண்டு மகாவலி கங்கையின் நீர் பொல்கொல்லையில் திசை திருப்பப்பட்டது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியினூடாக மலையைக் கடந்த அந்நீர், மாத்தளை மாவட்டத்தின் உக்குவளையில் வெளிப்பட்டு, மின்சாரம் பிறப்பித்தபின் சுது கங்கையையும் அம்பன் கங்கையையும் சேர்ந்தது. பின்னர் போவத்தென்னையிலே தேக்கப்பட்டு, மீண்டும் ஒரு சுரங்கத்தினூடாக வடக்கே செலுத்தப்பட்டு, தம்புள்ளைப் பகுதியின் கண்டலமைக் குளத்தையும் அதற்கப்பால் கலாவாவியையும் நிரப்பியது. மகாவலித் திட்டத்தில் எச் வலயம் என அழைக்கப்பட்ட குடியேற்றப் பகுதி இந்நீரால் உயிர்பெற்றது.

இவ்வலயத்திலே குடியேறிய ஒவ்வொரு குடும்பத்திற்கும் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக் காணியும் வழங்கப்பட்டன. தரிசாய்க் கிடந்த நிலம் ஆண்டுக்கு இரு போகம் விளைந்தது. வயலில் நீர் நின்றது. நீரில் கொக்கும் நாரையும் இறங்கின. நெல் குத்தியபின் தவிடு மிகுந்தது. தவிடு மிகுந்த இடத்தில் பன்றி வளர்த்தல் பொருத்தமே எனத் திட்டமிட்டோர் கருதினர். நெல்லை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்குத் துணை வருமானமாகப் பன்றி வளர்ப்பு இங்கு ஊக்குவிக்கப்பட்டது. ஒவ்வொரு தீர்மானமும் தனித்தனியே நோக்குமிடத்து நியாயமானதே. நீர் வேண்டும், நெல் வேண்டும், வருமானமும் வேண்டும். ஆனால் நீர், கொக்கு, நுளம்பு, பன்றி, குழந்தை ஆகிய ஐந்தும் ஓரிடத்தில் சேரும்போது என்ன நிகழும் என்பதை ஒருசேர நோக்கியவர் எவர்?

கொள்ளைநோய்

1985ஆம் ஆண்டின் இறுதியில், பெரும்போக மழையை அடுத்து, அநுராதபுர மாவட்டத்திலே கடுங்காய்ச்சலும் வலிப்பும் நினைவிழப்பும் கொண்ட நோயாளர் வைத்தியசாலைகளை நாடத் தொடங்கினர். யப்பானிய மூளையழற்சி எனப்படும் நோயே அது. 1985–86 காலப்பகுதியில் 385 பேர் நோயுற்றனர். 64 பேர் இறந்தனர். 1987–88இல் நோய் அயல் மாவட்டங்களையும் பற்றியது. 760 பேர் நோயுற, 138 பேர் உயிரிழந்தனர். இந்நோயிலிருந்து பிழைத்தவர்களிலும் கணிசமானோர் மூளைப் பாதிப்புடன் வாழ நேரிடும் என்பதை நினைவிற்கொண்டால், இந்த எண்கள் கூறுவது துன்பத்தின் ஒரு பகுதியையே என்பது புலனாகும்.

இந்நோய் உலகிற்குப் புதியதன்று. 1924ஆம் ஆண்டு யப்பானில் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோரைப் பற்றிய பெரும் நோய்ப்பரவல் நிகழ்ந்தது. 1935இல் அந்நாட்டிலேயே இதன் வைரசு பிரித்தறியப்பட்டது. தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியில் 1955ஆம் ஆண்டிலேயே இந்நோய் இனங்காணப்பட்டது. நெல்வயலில் பெருகும் கியூலெக்சு இன நுளம்பு, நீர்ப்பறவைகளிடமிருந்து வைரசைப் பெற்றுப் பன்றிக்கு அளிக்கின்றது. பன்றியின் குருதியில் சில நாட்களுக்குள் வைரசு பன்மடங்காகப் பெருகுகின்றது. அப்பன்றியைக் கடிக்கும் நூற்றுக்கணக்கான நுளம்புகள் புதிதாக நோய்க்காவிகளாகின்றன. மனிதன் இச்சங்கிலியின் இறுதிக் கண்ணி. அவன் குருதியில் வைரசு மிகக் குறைந்த அளவிலேயே இருத்தலால், அவனிடமிருந்து நோய் மேலும் பரவுவதில்லை.

சுருங்கக்கூறின், பறவை நோயின் ஊற்று. நுளம்பு அதன் வாய்க்கால். பன்றி அதன் அணைக்கட்டு. நீரைத் தேக்கிப் பெருக்கிய அதே நிலத்தில் நோயும் தேங்கிப் பெருகியது.

வைத்தியர் அழைக்கப்படாமை ஏன்?

இங்குதான் இக்கட்டுரையின் மைய வினா எழுகின்றது. பன்றிகள் இருந்தன, அவற்றிற்கு வைத்தியரும் இருந்தனர். அவ்வாறிருந்தும் நோய் முன்னரே அறியப்படாமைக்குக் காரணம் யாது?

விடை இந்நோயின் இயல்பிலேயே உள்ளது. யப்பானிய மூளையழற்சி வைரசு தொற்றிய வளர்ந்த பன்றி பொதுவாக நோயுற்றதாகத் தோன்றுவதில்லை. அது உண்கின்றது, உறங்குகின்றது, எடை கூடுகின்றது. சினைப்பன்றிகளில் மட்டும் கருச்சிதைவும் இறந்து பிறக்கும் குட்டிகளும் காணப்படலாம். விவசாயி வைத்தியரை அழைப்பது பன்றி நோயுற்றாலேயாம். நோயுறாத பன்றிக்கு எவரும் வைத்தியரை அழைப்பதில்லை. ஆகவே சிகிச்சை செய்பவர் என்ற அளவில் மட்டும் கால்நடை வைத்தியரை நோக்கும் ஓர் அமைப்பிலே, இந்நோய் அவர் கண்ணிற் படுவதற்கு வழியே இல்லை. உற்பத்தியைக் கணக்கிடும் அதிகாரியின் ஏட்டில் அப்பண்ணை வெற்றிகரமான பண்ணையாகவே பதிவாகியிருக்கும்.

ஆனால் வைத்தியரிடம் வேறொரு கருவி உண்டு. குறித்த காலங்களில் பன்றிகளின் குருதியைச் சோதித்தால், வைரசு அவற்றிடையே சுற்றத் தொடங்கியமையை மனிதர் நோயுறுமுன்னரே பெரும்பாலும் அறியலாம். அப்போது பன்றி ஆபத்தாக மட்டுமன்றி, எச்சரிக்கும் காவலாகவும் ஆகின்றது. யப்பான் முதலிய நாடுகள் இம்முறையைக் கையாண்டன. இலங்கையிலும் கொள்ளைநோயின் பின்னர், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மலிக் பீரிஸ், பீலிக்ஸ் அமரசிங்க முதலிய அறிஞர் நுளம்பு, பன்றி, மனிதர் ஆகிய மூவகை ஆதாரங்களையும் ஒருங்கே ஆராய்ந்து தம் முடிபுகளை 1992இல் வெளியிட்டனர். மருத்துவரும் விலங்கியலாளரும் ஒன்றுசேர்ந்த இவ்வாய்வு போற்றற்குரியது. ஆயினும் அவ்வறிவு கொள்ளைநோய்க்குப் பின்னரே கூடியது. 1988 முதல் ஆபத்து மிகுந்த பகுதிகளிற் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி தொடங்கப்பட்டது. அதன் பின்னர் இந்நோய் பெரிதும் தணிந்தது. தடுப்பூசி குழந்தையைக் காத்தது. ஆனால் திட்டமிடும் மேசையில் யார் அமர வேண்டும் என்ற வினாவிற்கு அது விடையாகாது.

மலேசியா தரும் ஒப்பீடு

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியையும் இங்கு ஒப்பிடுதல் பயனுடையது. 1998–99இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளிலே மூளையழற்சி நோய் பரவியது. அதுவும் யப்பானிய மூளையழற்சியே எனத் தொடக்கத்தில் கருதப்பட்டு, நுளம்பு ஒழிப்பும் தடுப்பூசியும் மேற்கொள்ளப்பட்டன. ஆனால் சில உண்மைகள் அம்முடிவிற்கு ஒத்துவரவில்லை. நோயுற்றோர் பெரும்பாலும் குழந்தைகளல்லர். பன்றிகளோடு நேரிற் பழகிய வளர்ந்த ஆண்கள். மேலும் பன்றிகளும் நோயுற்றன; தொலைவிற் கேட்கும் அளவுக்கு உரத்து இருமின. யப்பானிய மூளையழற்சியில் பன்றி இருமுவதில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங் முன்பு அறியப்படாத ஒரு வைரசைப் பிரித்தறிந்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா எனப் பெயர்பெற்றது. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் அது தாவியிருந்தது. பண்ணைகளை அடுத்துப் பழமரங்கள் நின்றமை அத்தாவலுக்கு வழிசெய்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

இலங்கையிற் பன்றி மௌனமாக இருந்தது. மலேசியாவில் அது இருமியது. முன்னையதில் விலங்கின் மௌனத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. பின்னையதில் விலங்கின் ஒலிக்குச் செவிசாய்க்க வேண்டியிருந்தது. இரண்டிலும் மனித நோயின் திறவுகோல் விலங்கிடமே இருந்தது.

மாத்தளையின் இன்றைய நிலை

இவை யாவும் பழங்கதைகள் எனக் கருதுவோர்க்கு மாத்தளையே விடை கூறும். 2008ஆம் ஆண்டு இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவி, ஏழாயிரத்திற்கு மேற்பட்ட சந்தேக நோயாளர் அறிவிக்கப்பட்டபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்றாக இருந்தது. பெயரில் எலி இருப்பினும், அந்நோயின் கிருமியை மாடும் பன்றியும் கூடத் தம் சிறுநீரிற் காவித் திரியக்கூடும். சேற்று வயலில் வெறுங்காலுடன் இறங்கும் விவசாயிக்கு எந்த விலங்கின் கிருமி என்ற வேறுபாடில்லை.

அடுத்து, 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கையிலும் உறுதிப்படுத்தப்பட்டது. கென்யாவிலே முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், 2018இல் சீனாவையும் 2020இல் இந்தியாவின் வடகிழக்கையும் அடைந்து, பின்னர் இங்கு வந்தது. இது மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் பன்றிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்கின்றது. இதற்குக் குணப்படுத்தும் மருந்தில்லை. நோயுற்ற விலங்கின் இறைச்சியிலும், வேகவைக்கப்படாத மீதியுணவிலும், வண்டிச் சில்லிலும், பாதணியிலும் இந்த வைரசு பயணஞ் செய்யும். உல்லாசப் பயண விடுதிகள் நிறைந்த தம்புள்ளை, சீகிரி போன்ற பகுதிகளில் மீதியுணவு எங்கே செல்கின்றது என்ற வினா, வெறும் துப்புரவு வினாவன்று. கால்நடைச் சுகாதார வினாவுமாகும்.

மருந்தில்லாத நோயின் முன் வைத்தியர் செய்யக்கூடியது யாது? பட்டியின் வாயிலிற் பாதணி மாற்றச் சொல்லலாம்; மீதியுணவைக் கொதிக்க வைக்கச் சொல்லலாம்; புதிதாக வாங்கிய பன்றியைச் சில வாரம் தனியே வைக்கச் சொல்லலாம்; விலங்குகளின் நடமாட்டத்தைத் தடுக்கலாம். இவை 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின் எளிய பாடங்களே. ஆனால் இவை பலிப்பதற்கு விவசாயியின் நம்பிக்கை வேண்டும். பன்றி இறந்ததை அறிவித்தால் எஞ்சியவையும் அழிக்கப்படும், ஈடு கிடைப்பது உறுதியில்லை என்று அஞ்சும் விவசாயி, இறந்ததைப் புதைத்துவிட்டு இருப்பதை அன்றிரவே விற்றுவிடுவான். அவனைக் குற்றங்கூறுதல் எளிது. அவனது இழப்பை யார் ஏற்பது என்ற வினாவிற்கு விடை கூறுதலே அரிது. வைத்தியர் அதிகாரியாக மட்டும் வரும் ஊரில் நோய் மறைக்கப்படும். நஷ்டஈட்டோடும் அறிவோடும் வரும் ஊரில் நோய் அறிவிக்கப்படும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. கால்நடை வைத்தியர் இந்நாட்டில் மூன்று வேடங்களைப் பூண்டுள்ளார். கோப்பிக் காலத்தை அடுத்து அவர் வழியைக் காப்பவராக இருந்தார்; சுதந்திரத்தின் பின் உற்பத்தியைப் பெருக்குபவரானார்; எண்பதுகளின் கொள்ளைநோய் அவரிடம் மூன்றாவது பணியைக் கோரியது. மனிதரின் நோயை விலங்கிடத்தே முன்கூட்டிக் காணும் காவற்பணியே அது. முதலிரு பணிகளுக்குச் சட்டமும் திணைக்களமும் உடனிருந்தன. மூன்றாவது பணிக்கு இன்னும் உறுதியான இடம் அளிக்கப்படவில்லை. அது நன்கு நிறைவேறும்போது எதுவும் நிகழ்வதில்லை. எதுவும் நிகழாததற்கு நன்றி கூறுவோர் அரிது.

நீர்ப்பாசனத் திட்டம் வரையும்போது பொறியியலாளர் அழைக்கப்படுகின்றார். குடியேற்றம் வரையும்போது நில அளவையாளர் அழைக்கப்படுகின்றார். வருமானம் வரையும்போது பொருளியலாளர் அழைக்கப்படுகின்றார். எந்த விலங்கை எந்த நீரின் அருகே, எந்த வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் வைப்பது என்று கூறவல்லவரோ நோய் வந்த பின்னரே அழைக்கப்படுகின்றார். இந்த ஒழுங்கு மாறவேண்டும். கலைப்பீடத்து மாணவர்களாகிய நாம் பன்றிக்கு ஊசி ஏற்றப்போவதில்லை. எனினும் நாளை மாவட்டச் செயலகங்களிலும் திட்ட அலுவலகங்களிலும் கோப்புகளின் முன் அமரப்போகின்றவர்கள் நம்மிடையேயும் உளர். போவத்தென்னையிலிருந்து வடக்கே ஓடும் நீரின் கரையில் ஏதேனும் ஒரு திட்டம் அவர்களின் கையொப்பத்திற்கு வருமானால், கால்நடை வைத்தியரின் கருத்து அக்கோப்பில் உண்டா என்று முதலிற் புரட்டிப் பார்ப்பார்களாக. இறந்த அக்குழந்தைகளுக்கு வரலாற்று மாணவர் செலுத்தக்கூடிய கடன் அதுவேயாகும்.